லிட்கம் பூர்வீக ஆராய்ச்சி நிலையம்

எதையும் பூர்வீகம் அறியாமல் வீட்டுக்குள் விடக் கூடாது என்ற உயர்ந்த கோட்பாட்டை 1976இல் சிட்னி மாநகரில் வழுவாமல் காத்தவர் பொறியியலாளர் வரதராஜா ஒருவரே. வருகிறவர்களின் தோல் நிறத்தைப் பார்ப்பதை ஆஸ்திரேலியா நிறுத்திய மறுவருடமே அவர் யாழ்ப்பாணத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினார். அந்தப் பெருந்தன்மையை அவர் மெச்சாத நாளில்லை.

அவருடைய லிட்கம் வீட்டுக்கு வீரப்பன் பெண் கேட்டுப் போனான். மலேசியாக்காரன், பல்கலைக்கழகத்தில் மலாயும் இந்தோனேசிய மொழியும் கற்பிப்பவன். அப்பா சம்மதித்தால்தான் கல்யாணம் என்று அவர் மகள் யோகராணி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"கதிரையில இரும் தம்பி," என்றார் வரதராஜா. "மலாய் ஒரு கலப்பு மொழியாம், மெய்தானே?"

"ஆமா அங்கிள். மேசைக்கு 'மெஜா', சப்பாத்துக்கு 'செபாத்து'. ரெண்டும் போர்த்துகீசியர் கொடுத்தது. ஆபீசுக்கு இந்தோனேசியாவில 'கந்தோர்', அது டச்சுக்காரன் கொடுத்தது."

"பாவம். சொந்தமா ஒரு கந்தோர்கூட இல்லாத சனம்."

"உங்க கந்தோரும் அதேதான் அங்கிள். நீங்க உட்கார்ந்திருக்கிற கதிரை போர்த்துகீசியம். ஆன்ட்டி நிக்கிற குசினியும்."

குசினியில் பாத்திரச் சத்தம் நின்றது. வரதராஜாவின் மனைவி சிவனேஸ்வரி, தாம் நிற்கும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

வரதராஜா கலங்கவில்லை. "முந்நூறு நானூறு வருசம் புழங்கினால் அது தமிழ்தான். வந்ததை வாழ வைக்கிறதுதான் எங்கட பண்பாடு."

வீரப்பனின் நெஞ்சில் பால் வார்த்தது போலிருந்தது. எதிரே யோகராணி கண்ணால் சிரித்தாள்.

"அது கிடக்கட்டும். தம்பி எந்த ஊர்?"

"கிள்ளான், அங்கிள்."

"அது இப்ப. அதுக்கு முந்தி?"

"தாத்தா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து ரப்பர் தோட்டத்துக்கு வந்தவரு."

"தஞ்சாவூரில எந்தப் பகுதி? ஆற்ற ஆக்கள்?"

"அப்பா, ப்ளீஸ்," என்றாள் யோகராணி.

"நீர் பேசாமல் இரும் பிள்ளை."

யாருடைய ஆட்கள் என்ற இந்தக் கேள்விக்கான விடை எந்த வரைபடத்திலும் இல்லை என்பது வீரப்பனுக்குத் தெரியும்.

"எங்கப்பா சொன்னதில்ல. நானும் கேட்டதில்ல."

"கேட்கேல்லையோ!" ஒரு நூலகமே எரிந்த செய்தி கேட்டவர்போல வரதராஜா வருந்தினார். "படிச்ச பிள்ளை. இதைக் கேளாமல் என்னத்தைத் தம்பி ஆராய்ச்சி செய்யிறீர்?"

வீரப்பன் எழுந்து, மூலையில் நின்ற பெரிய அலுமாரியைக் காட்டினான். "அலுமாரியும் போர்த்துகீசியம்தான் அங்கிள். அதை வீட்டுக்குள்ள விட்டீங்களே, அதுக்கிட்ட ஆற்ற ஆக்கள்னு கேட்டீங்களா?"

வரதராஜா அறிஞருக்குரிய பொறுமையோடு புன்னகைத்தார்.

"அலுமாரி எங்கட வீட்டில பொம்பிளை கேட்டு வரேல்லையே, தம்பி."