காலியிடம் இல்லாத சைக்கிள் ஸ்டாண்டில் ஒரு பெயர்சூட்டு விழா

பெற்ற பிள்ளைக்குப் பெயர் வைப்பதில் சொதப்ப முடியாது என்று நினைக்கிறவர்கள் என்னைச் சந்தித்ததில்லை.

கொரோனா வந்த வருடம். துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் எனக்கு நைட் டியூட்டி. அறந்தாங்கியில் என் மனைவி செல்விக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. விமானம் கிடையாது. ரூமில் இருந்தவர்கள் முன்பே ஊருக்குப் போய்விட்டார்கள். நான்கு கட்டில், ஒரு ஆள். பேச்சுத் துணை ஃபிரிட்ஜ் மட்டும்தான். (அது அவ்வப்போது உறுமும், நான் "ஆமாம்" என்பேன்.)

தகப்பன்தான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும் என்றார் மாமியார். ஆள் வரமுடியாவிட்டால் குரலாவது வரட்டும். போனைக் காதில் வைப்பார்கள், நான் "யாழினி" என்று சொல்ல வேண்டும். என் மகளிடம் நான் பேசப்போகும் முதல் வார்த்தை அது. ஃபிரிட்ஜின் முன் நின்று வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்தேன்.

எங்கள் வட்டாரத்தில் வாடகை சைக்கிள் ஸ்டாண்டுகள் உண்டு. போனில் தட்டினால் பூட்டுத் திறக்கும், ஏதாவது ஒரு ஸ்டாண்டில் கொண்டுபோய்ச் செருகினால்தான் கணக்கு முடியும். நோய்க்கு முன் சுற்றுலாக்காரர்கள் அதில் உட்கார்ந்து போட்டோ எடுப்பார்கள். நோய் வந்ததும் ஹேண்டில் பாரைத் தொடவே யாரும் துணியவில்லை, தூசி படிந்து நின்றன. அப்புறம் பஸ்ஸில் அடுத்தவர் மூச்சுக்குப் பயந்து எல்லோரும் இதற்கு மாறினார்கள். நானும் மாறினேன், கையில் பாலித்தீன் உறை மாட்டிக்கொண்டு.

அன்று காலை டியூட்டி முடிந்து, ஆளில்லாத சாலையில் பறந்தேன். ரூமில் இஸ்திரி போட்ட சட்டை காத்திருந்தது. ஸ்டாண்டுக்கு வந்தால் ஒரு இடம்கூடக் காலியில்லை. எனக்கு முன்னால் வந்த டியூட்டிக்காரர்கள் எல்லோரும் செருகிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். அடுத்த ஸ்டாண்டுக்கு மிதித்தேன். அதுவும் ஃபுல். சைக்கிளைப் பிடித்தபடி விழித்துக்கொண்டு நிற்கும்போது போன் அடித்தது.

"மாப்ள, ராகு காலம் வந்துரும். பிள்ளை காதுல வச்சாச்சு, சொல்லுங்க" என்றார் மாமியார்.

இஸ்திரிச் சட்டை போனால் போகிறது என்று மாஸ்க்கை இறக்கித் தொண்டையைச் செருமினேன். மறுமுனையில் சின்னதாக ஒரு மூச்சுச் சத்தம். என் மகள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து இன்னொரு சைக்கிள் வந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்றது. பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணிக்காரர் ஒருவர்.

"பாய், ஜகா ஹை?"

இடம் இருக்கிறதா என்று கேட்கிறார். வாயில் தயாராக இருந்தது அரபுதான். "மாஃபி" என்றேன். இல்லை என்று அர்த்தம்.

காதில் மாஸ்க் கயிறு, தலையில் ஹெல்மெட். அவருக்குக் கேட்கவில்லை. "கியா?"

"மாஃபி."

"கியா, பாய்?"

"மாஃபீ!" என்று கத்தினேன்.

போனில் குலவைச் சத்தம் எழுந்தது.

"அத்தை, நான் இன்னும் சொல்லவே இல்லை."

"சொல்லிப்புட்டியளே மாப்ள, மூணு தரம், கணீர்னு. சீனித் தண்ணியும் தொட்டு வச்சாச்சு. அது என்ன, வடநாட்டுப் பேரா?"

ராகு காலம் வந்துவிட்டது. லைனும் போய்விட்டது. நடைபாதையில் உட்கார்ந்தேன். உலகத்தில் எனக்கென்று யாருமே இல்லாதது போல் இருந்தது.

பட்டாணிக்காரர் என்ன ஆயிற்று என்று கேட்டார். மகள் பிறந்திருக்கிறாள், இப்போதுதான் பெயர் வைத்தோம் என்றேன்.

"நாம் கியா ஹை?" பெயர் என்ன என்கிறார்.

"மாஃபி."

"பேர் இல்லையா?" என்று இந்தியில் பதறினார்.

"பேரே மாஃபிதான்."

அவர் மாஸ்க்குக்குள்ளேயே சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நானும். இரண்டு மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு பேர் சிரித்துக்கொண்டிருந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு ஒரு மனிதரோடு சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

நான் ஊருக்குப் போனபோது அவள் நடக்க ஆரம்பித்திருந்தாள். "யாழினி" என்று கை நீட்டினேன். அம்மாவின் பின்னால் ஒளிந்தாள்.

"அது பள்ளிக்கூடத்துக்கு வச்ச பேரு. நீங்க வச்ச பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள் செல்வி.

"மாஃபி."

தத்தித் தத்தி வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள்.

இப்போது மூவரும் ஷார்ஜாவில் இருக்கிறோம். மளிகைக் கடைக்குப் போனால் எங்களுக்குச் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. போன வாரம் கடைக்காரர் "முருங்கக்கா மாஃபி" என்றார். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நான் இங்கதாம்ப்பா இருக்கேன்."