நோர்பரி யோகலிங்கனார் லீஸ் நீட்டிய படலம்

முழுநீளத் தாளின் இடப்புறம் இரண்டு விரற்கடை விட்டு மடித்து எழுதும் மாண்பினன்; எழுதிய மடல் ஒவ்வொன்றுக்கும் பிரதி பேணும் பெற்றியன்; துளையிட்டு நூல்கோத்த பதினான்கு ஃபைல்களின் தனிப்பெருந்தலைவன்; கவுன்சிலுக்குப் பதினொரு கடிதம் தொடுத்துப் பன்னிரண்டாவதில் மூடியுள்ள குப்பைத்தொட்டி ஒன்றைப் பொருது கொணர்ந்த புகழோன்; நோர்பரி நெடுந்தெருவின் மூன்றாம் மாடித் திருநகர் காவலன் யோகலிங்கனின் பெரும்போரைப் புகலப் புகுந்தோம். ஐங்கரத்தானே, காப்பாக வருக. பிரிண்டர் வாழ் தேவதையே, தாள் சிக்காது அருள்க.

லண்டன் மாநகரில் ஃப்ளாட் வாங்கியவன் நிலத்தை வாங்கியவன் அல்லன். நிலம் எவனோ ஒருவனின் கம்பெனிக்குரியது. அதன்மேல் இத்தனை ஆண்டு இருந்துகொள் என்று அவன் அளக்கும் காலமே லீஸ் எனப்படுவது. பத்தொன்பது ஆண்டுகளின் முன், "தொண்ணூற்றொன்பது வரியம் ஆர் இருக்கப்போகினம்" என்று நகைத்தபடி ஒப்பமிட்டவன் நம் தலைவன். நகைத்தவன் முகம் இப்போது நகையிழந்தது. ஏனெனில் அந்த லீஸ் தேய்ந்து தேய்ந்து எண்பதாம் ஆண்டின் விளிம்பில், மலைமுகட்டில் முன்னங்கால் வைத்த ஆடு போல் நின்றது. எண்பதுக்கு ஒரு நாள் குறைந்தாலும் அதை நீட்டும் விலை கிடுகிடுவென ஏறும். அவன் கையிருப்பு எட்டாது. நீட்டாத வீட்டை வாங்குவாரும் இல்லை. வாங்குவார் இல்லையேல், லிப்ட் இல்லாத அம்மாடத்தின் நாற்பத்தெட்டுப் படிகளையும், முழங்கால் தேய்ந்த அவன் தேவி சிவகௌரி, ஆயுள் உள்ளவரை ஏறி இறங்க வேண்டும். தரையோடு கிடக்கும் சிறு வீடொன்று, வாசலைத் திறந்தால் மண்: அவள் கேட்ட வரம் அவ்வளவே.

மன்னார் தந்த சட்டமாமணி, சொலிசிட்டர் பெனிற்றா, எண்பது தேயுமுன் கம்பெனியின் கையில் சேரவேண்டிய, லீஸ் நீட்டக் கோரும் நோட்டீஸைப் பதினாறு நாள் முன்னரே வரைந்து முடித்தாள்.

"நாங்களே அனுப்பிவிடுறம் அங்கிள். அன்ரியும் நீங்களும் சைன் பண்ணினாச் சரி."

"வேண்டாம் பிள்ளை. நானே நேர கொண்டுபோய்க் குடுக்கிறன்" என்று முழங்கினான் யோகலிங்கன்.

கொண்டுபோனானா எனின், இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆண்டுதோறும் விமானமேறி வரும் பஞ்சாங்கப் படைக்கலத்தை உருவி அவன் நாள் பார்க்கத் தொடங்கினான். முதல் நாள் அட்டமி. மறுநாள் நவமி. அதன்பின் கரிநாள். பின்னர் சந்திராட்டமம். இடையில் அகப்பட்ட ஒரே நல்ல நாளில் கம்பெனி அலுவலகம் ஞாயிறு என்று பூட்டிக்கிடந்தது. இவ்வாறு பதினான்கு நாள்கள் பகைவனின் அம்புபடாமலே வீழ்ந்தபின், திங்கட்கிழமை, பந்துமுனைப் பேனா பண்புடையோர்க்கு ஆகாதென்று மைப்பேனாவால் தானும் ஒப்பமிட்டு, தேவியையும் ஒப்பமிடச் செய்து, லூயிஷாம் சிவன் கோயிலில் பிள்ளையார் பாதத்தில் வைத்தெடுத்து, வீடு மீண்டு, கலியாண அழைப்பு மடலுக்குப் பூசுவது போல் அதன் நான்கு மூலையிலும் மஞ்சளைக் குழைத்துப் பூசினான். குழைத்ததில் தண்ணீர் சற்றே கூடிற்று. ஈரம் உலருமுன் மடித்து உறையிலிட்டான். அந்தோ, ஒட்டினான்.

செவ்வாய்க்கிழமை. எண்பதின் இறுதி நாள். எமகண்டமும் குளிகையும் கழியக் காத்திருந்தவன், எதையும் ஏழுதரம் சரிபார்க்கும் இயல்பினன் ஆதலின், புறப்படுமுன் பிற்பகல் இரண்டு மணிக்கு உறையைப் பிரித்தான். பிரித்தவன், இடியுண்ட பனைபோல் நின்றான். தேவியின் ஒப்பம் இருந்த இடத்தில் பச்சையும் மஞ்சளுமாய் ஒரு குளம். அதில் வீட்டிலக்கம் மிதந்தது.

தொலைபேசியில் பெனிற்றாவுக்கு நடந்ததை ஓதினான்.

"மஞ்சள் பூசினீங்களா, அங்கிள்."

"கொஞ்சந்தான், பிள்ளை."

"திரும்ப ஈமெயில் பண்ணுறன். பிரிண்ட் எடுத்து ரெண்டு பேரும் சைன் பண்ணுங்கோ. அஞ்சு மணிக்கு அவங்கட குரொய்டன் ஒபிஸ் பூட்டும். ப்ளீஸ், இந்தமுறை ஒண்டும் பூசாதேங்கோ."

சிவகௌரி பணியாற்றும் பார்மசிக்கு, சேனை இழந்தும் மானம் இழவாத மன்னனென விரைந்தான் வீரன். அங்கே பிரிண்டர் என்னும் பெருவிலங்கு இருமுறை தாளை மென்று துப்பி, மூன்றாம் முறை மனமிரங்கி ஈன்றது. சுவர்க்கடிகாரம் மூன்று மணி இரண்டு நிமிடம் காட்டிற்று. செவ்வாய், மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். தலைவனின் கை பேனாவோடு வானத்தில் நின்றது.

"நாலரைக்குச் சைன் வைப்பம், கௌரி."

"நாலரைக்கு வைச்சு, அஞ்சுக்குக் குரொய்டனுக்குப் பறந்தே போறது."

"ராகுகாலத்தில தொடங்கினது உருப்படாது."

சிவகௌரி கவுண்டரில் இரு கைகளையும் ஊன்றினாள். இருமல் மருந்துக்கு நின்ற மூவர் தம் இருமலை அடக்கிக்கொண்டனர்.

"இஞ்சருங்கோ, உங்கட பஞ்சாங்கம் எங்க அடிச்சது."

"யாழ்ப்பாணத்தில."

"அங்க இப்ப இரவு எட்டரை. அந்த ராகு சாப்பிட்டுப் படுத்திட்டுது."

"அப்பிடிப் பாக்கேலாது, கௌரி."

"பதினாலு நாள் நாள் பாத்தீங்கள். என்ர முழங்கால் நாள் பாத்தோ நோகுது."

ஆயிரம் கடிதங்களுக்கு மறுமொழி எழுதிய அண்ணல், தன் மைப்பேனாவை மூடிப் பையில் செருகினான். பின் கவுண்டரில் நூலால் கட்டியிருந்த பந்துமுனைப் பேனாவை எடுத்தான். அந்நூல் நீண்ட அளவுக்குக் குனிந்தான். ராகு நடுவானில் நின்று பார்த்திருக்க ஒப்பமிட்டான். தேவி முன்னரே இட்டிருந்தாள்.

"உங்களை நம்பி விடேலாது, நானும் வாறன்" என்று கோட்டை மாட்டியவள், வாசலில் நின்று, "திரும்பி வரேக்க பால் வாங்கோணும், மறந்திடாதேங்கோ" என்றும் ஆணையிட்டாள்.

நூற்றொன்பதாம் இலக்கப் பஸ் என்னும் செந்தேர் தோர்ன்டன் ஹீத் குளத்தடியில் நகராது நின்ற துயரத்தை எச்சொல்லால் உரைப்போம். விளக்குகள் சிவந்தன, மிதிவண்டிகள் முந்தின, தள்ளுவண்டிக் குழந்தையொன்று எதிரணித் தூதுவன் போல் வீரனை நோக்கி நாவை நீட்டிற்று. ஆயினும் நாலு மணி ஐம்பத்தொரு நிமிடத்தில், கணவன் முன்னே உறையும் மனைவி பின்னே முழங்காலுமாய், கம்பெனியின் கண்ணாடிக் கோட்டையுள் இருவரும் புகுந்தனர்.

வரவேற்பு மேசைப் பெண் உறையைத் தட்டில் எறிந்தாள். யோகலிங்கன் அசைந்தானா எனின், அசையவில்லை. பிரதியை நீட்டி, பெற்றதற்கு முத்திரை கேட்டான். முத்திரை இழுப்பறையின் ஆழத்திலிருந்து எழுந்தது. அதன் தேதி போன வெள்ளியில் உறைந்திருந்தது. அறம் பிழையா அண்ணல் அவ்வெள்ளியை ஏற்க மறுத்து, சக்கரத்தைத் தானே திருகிச் செவ்வாய் ஆக்கிக் கொடுக்க, நாலு ஐம்பத்தெட்டுக்கு அது தாளில் இறங்கிற்று. எண்பது ஆண்டுகள் தலைதப்பின. தரையோடு கிடக்கும் சிறு வீடு தொலைவில் எங்கோ தன் வாசலைத் திறந்தது. வெற்றித் திருமகள் பின்தொடர, முத்திரைப் பிரதியைப் பதினைந்தாம் ஃபைலுக்கென மார்போடணைத்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, கொடிமுடி ஏறும் மாவீரர் போல் இருவரும் தம் மாடத்தின் படிகளை ஒவ்வொன்றாய் வென்று மேலேறினர்.

நாற்பத்தெட்டாம் படியில் நின்று பையில் கதவுத் திறப்பைத் தேடும்போதுதான் பால் வாங்காதது ஞாபகம் வந்தது.