அரிசிப் பானையில் ஒரு தங்க மூடி

கந்தப்பளையில இருந்து எங்க மகளப் பொண்ணு பாக்க வந்தாங்க. மாப்பிள்ளையோட மாமா கணேசமூர்த்தி டீய ஒரு மொடக்கு குடிச்சாரு. என்னையப் பாத்தாரு. எம்பொண்டாட்டி மீனம்மாவப் பாத்தாரு. அப்புறம் ரொம்ப மரியாதையாக் கேட்டாரு.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரரு வேலைக்குப் போயிட்டாரா? அப்பாவ மட்டும் ஒக்கார வச்சிருக்கீங்க?"

அந்த அப்பா நான்தாங்க.

பேரு சோலைமலை. வயசு அம்பத்திரண்டு. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துல, தேயிலை ஃபேக்டரியில, கொழுந்த நசுக்கிச் சுருட்டுற ரோலர் மெசின்ல வேலை. மீனம்மாவுக்கு நாப்பத்தெட்டு. நாலே வயசு வித்தியாசம்! இதுல என்ன அநியாயம்னா, நான் முப்பது வருசமா கூரைக்குக் கீழ நிழல்ல நிக்கிறவன். அவ முப்பது வருசமா மலையில வெயில்லயும் மழையிலயும் கொழுந்து எடுக்கிறவ. ஞாயப்படி யாரு மூஞ்சி சுருங்கணும்? நீங்களே சொல்லுங்க.

வந்தவங்க போனதும் நேராவே கேட்டுட்டேன்.

"மீனம்மா, உண்மையச் சொல்லு. மூஞ்சிக்கு என்னா பூசுற?"

"என்னாத்தப் பூசுறேன்? கொங்காணியப் போட்டுத் தலைய மூடிக்கிறேன். பச்சத் தண்ணியில கழுவுறேன். ஒரு சொட்டுத் தேங்காண்ண."

"அவ்வளவுதானா?"

"அப்புறம் நான் பீடி குடிக்கிறதில்லைங்க."

"பேச்ச மாத்தாத!"

"மாத்தல. மூஞ்சியில இருக்கிற கோட்ட எண்ணுறத விட்டுப்புட்டு, கூரையில இருக்கிற ஓட்டைய எண்ணுங்க. மூணு வருசமா ஒழுகுது. அடைக்கிறேன் அடைக்கிறேன்னு வாயால அடைச்சதுதான் மிச்சம்."

பாத்தீங்களா? மூஞ்சியக் கேட்டா கூரைய இழுக்கிறா. குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? எனக்கு அப்பவே சந்தேகம் வந்துருச்சு. பொம்பள 'ஒண்ணுமில்ல'ன்னு சொன்னா, ஒண்ணு இல்ல, ரெண்டு மூணு இருக்கும்.

பொண்ணப் புடிச்சுப் போயி கல்யாணம் தை மாசம்னு முடிவாச்சு. நடுவுல மூணே மாசம். கல்யாண ஆல்பத்துல நான் பொண்ணுக்கு அப்பாவா நிக்கிறதா, தாத்தாவா நிக்கிறதா? இதுதாங்க என் பிரச்சினை. ஆல்பம்ங்கிறது பேரப்புள்ள காலம் வரைக்கும் இருக்கும். சும்மா வெளையாட்டு இல்ல.

மறுநாள் அவ பெரட்டுக்கு, அதாங்க காலையில ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற எடத்துக்குப் போனதும், வீட்ட சோதனை போட்டேன். டிரங்குப் பொட்டி, தலகாணி உறை, சாமித் தட்டு ஒண்ணையும் விடல. மோந்தும் பாத்தேன். தேயிலை ஃபேக்டரிக்காரன் மூக்கு சாதாரண மூக்கா? யாராச்சும் சென்ட் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தாலே உள்ளார இருந்து கண்டுபிடிச்சிருவோம். ஆனா மீனம்மாகிட்ட ஒரு வாசமும் இல்ல. தடயமே இல்லன்னா என்னா அர்த்தம்? பெரிய கைகாரின்னு அர்த்தம்.

சரி, அவ வழி அவளுக்கு, நம்ம வழி நமக்குன்னு எறங்கிட்டேன். மொத வாரம் தேசிக்காய், அதாங்க எலுமிச்சை, கூடச் சீனி. தேய்ச்சேன். ரெண்டாம் வாரம் துணி துவைக்கிற சவுக்காரம், கூட ஒரு சொரசொரப்பான துண்டு. இன்னும் தேய்ச்சேன். மூணாம் வாரம் ஹட்டன் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் பொட்டியத் தொறந்து வச்சுக் கத்திக்கிட்டு நின்னான். "ஏழு நாள்ல ஏழு வயசு கொறையும்!" டப்பாவுல பேரும் இல்ல, ஊரும் இல்ல. மருந்து ரகசியமா இருந்தாத்தானே வேலை செய்யும்னு வாங்கிட்டு வந்தேன்.

மூணாவது நாள் மூஞ்சி கொதிச்சிச்சு. அஞ்சாவது நாள் வீங்கிச்சு. ஏழாவது நாள் சொன்ன மாதிரியே ஏழு வயசு. கொறையலங்க, கூடிருச்சு.

ஃபேக்டரிய நடத்துற டீமேக்கர் ஐயா என்னையப் பாத்துட்டு, "என்னா சோலைமலை, கொழுந்துன்னு நெனச்சு மூஞ்சிய ரோலர்ல விட்டுட்டியா?"ன்னு கேட்டாரு. ஃபேக்டரியே சிரிச்சுச்சு. மீனம்மா சிரிக்கல. கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு நேரா டிஸ்பென்சரிக்குப் போனா.

அங்க மிஸ்ஸி பிரியந்தி. நல்ல நர்ஸ், ஆனா வாய் நீளம்.

"அண்ணன், கொழுந்தக் கசக்குனா என்னா ஆகும்?"

"செவக்கும்."

"மூஞ்சியக் கசக்குனா?"

மீனம்மா தலையில அடிச்சுக்கிட்டா.

"இதுக்குப் பேரு அழற்சி," மிஸ்ஸி சொன்னாங்க. "பீடிப் பொகை, உலர்த்துற மெசின் சூடு, நீங்க போட்டுத் தேய்க்கிற தேய்ப்பு. எல்லாஞ் சேந்து தோலுக்கு அடியில கங்கு மாதிரி கனன்றுகிட்டே இருக்கு. அது வருசக் கணக்கா இருந்தா தோலத் தாங்கிப் புடிக்கிற சத்து கொறஞ்சு போயிரும். சுருங்கும், தொங்கும். அத அமத்தாம மேல மேல கிறீமப் பூசுனா நெருப்புல எண்ணெய ஊத்துற மாதிரிதான்."

"அப்ப எதப் பூசணும்?"

"இத." ஒரு வெள்ளப் பிளாஸ்டிக் டப்பாவ நீட்டுனாங்க. "வேற ஒண்ணும் பூசாதீங்க. தேய்க்காதீங்க. பீடிய விடுங்க. சாராயத்த விடுங்க, சீனியக் கொறைங்க, நல்லாத் தூங்குங்க. ரெண்டு மாசம்."

நான் டப்பாவ மோந்து பாத்தேன். வாசமில்ல. பாத்தேன். நெறமில்ல. அதுக்கு மேல, ஓசி. ஓசியில குடுக்கிற மருந்து எந்தக் காலத்துல வேலை செஞ்சிருக்கு? அதோட, மிஸ்ஸி பேசும்போது மீனம்மா தலைய ஆட்டுன ஆட்டத்தப் பாக்கணுமே! பீடி, சாராயம், சீனி. இவ இருவத்தஞ்சு வருசமாச் சொன்னத அப்படியே அந்தம்மா ஒப்பிக்குது. கூட்டுச் சதின்னு புரிஞ்சிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து டப்பாவ அலமாரியில வச்சுட்டு ஒரு பீடியப் பத்த வச்சேன்.

"மருந்து பூசலீங்களா?"

"அத நீயே குதிக்கால் வெடிப்புக்குப் பூசிக்க."

மீனம்மா என்னைய ஒரு மாதிரிப் பாத்தா. சண்டை போடல. அதுதாங்க எனக்கு சந்தேகமா இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, வேலை விட்டு வந்து பலகையில காலை நீட்டிக்கிட்டுக் கெடந்தேன். எங்க லயம் வரிசையா ஒட்டிக் கட்டுன வீடுங்க. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவுல சுவரு இருக்கு. ஆனா கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவுல சண்முகவடிவு வெங்காயம் தாளிச்சா எங்க வீட்ல தும்மல் வரும். அந்த வடிவு வீட்ல இருந்து மீனம்மா கொரல் கேட்டுச்சு.

"வடிவு, மெதுவாப் பேசு. அந்த மனுசன் காதுல விழுந்தாப் போச்சு."

விடுவேனா? பலகை மேல ஏறிச் சுவத்தோட காத வச்சேன்.

"அப்ப ஒம் மூஞ்சி பளபளக்கிறது அதுலதானாக்கா?"

"பின்ன? துபாய் மருந்துடி. தங்க மூடி போட்ட போத்தல். அரிசிப் பானைக்குள்ள பொதச்சு வச்சிருக்கேன். அவரு சோத்தத்தான் பாப்பாரு, அரிசியப் பாக்கவா போறாரு?"

எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சிருச்சு. அடிப்பாவி! கொங்காணியாம், பச்சத்தண்ணியாம்!

"ஆனா ரொம்பப் பத்தியம் வடிவு. பீடிப் பொகை பட்டா மருந்து செத்துரும். சாராயம் பட்டா மூஞ்சி பொங்கிரும். டீயில சீனி ஆகாது. ராத்திரி ஒம்போதுக்கெல்லாம் படுத்துரணும். கையால தேய்க்கக் கூடாது, பூனைக்குட்டியத் தொடுற மாதிரி தொடணும்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. விடியக்காலம் பைப்படிக்குப் போயி மொதத் தண்ணி புடிச்சு அதுலதான் கழுவணும். ரெண்டு கொடம் முழுசாப் புடிக்கணும். அரக்கொடம் புடிச்சாப் பலிக்காது."

அடுத்த நாள் விடியக்காலம் நாலரைக்கே எந்திரிச்சேன். மீனம்மா நல்லாத் தூங்குனா. பூன மாதிரி போயி ரெண்டு கொடம் தண்ணி புடிச்சேன், தளும்பத் தளும்ப. பைப்படியில இருந்து எங்க லயத்துக்கு எழுவது படி. குளிரு எலும்புல ஏறுது. வந்து அரிசிப் பானையில கைய விட்டேன். இருந்துச்சுங்க! தங்க மூடி! மேல அரபு எழுத்து! தொறந்து மோந்து பாத்தேன். வாசமே இல்ல. டிஸ்பென்சரி டப்பாவுலயும் வாசமில்லதான். ஆனா அது ஏழைக்கு வாசமில்லாம இருக்கிறது. இது பணக்காரனுக்கு வாசமில்லாம இருக்கிறது. அந்த வித்தியாசம் என்னைய மாதிரி மூக்கு உள்ளவனுக்குத்தான் தெரியும்.

அன்னையில இருந்து நான் வேற மனுசன். பீடிக் கட்டத் தூக்கி எறிஞ்சேன். மருந்து செத்துறக் கூடாதுல்ல? சாராயத் தவறணைப் பக்கம் தல வச்சுப் படுக்கல. டீயில சீனி போட வந்தா கையத் தட்டி விட்டேன்.

"என்னங்க, ஒடம்புக்கு முடியலையா?" மீனம்மா கவலையாக் கேட்டா.

"எல்லாம் ஒரு கட்டுப்பாடுதான்," நான் சொன்னேன்.

"அப்படீங்களா!" அவ வாயில முந்தானைய வச்சுக்கிட்டு வெளிய போனா. பாவம், ஏமாந்துபோனவ.

தெனமும் ரெண்டு கொடம். தெனமும் ஒரு வெரல் மருந்து. முன்னெல்லாம் நாலரைக்கு எந்திரிச்சுத் தண்ணி தூக்குறவ இப்ப அஞ்சரை வரைக்கும் தூங்குறா. வீட்ல தண்ணி எப்படி நெறஞ்சு இருக்குன்னு ஒரு நாளு கூட யோசிக்கல. எனக்கே பரிதாபமா இருந்துச்சு. ஒரே ஒரு சந்தேகந்தான். எடுக்க எடுக்க அந்தப் போத்தல் கொறையவே இல்ல. கோழி போட்ட முட்டையக் கூட எண்ணி வைக்கிறவ, போத்தல்ல நான் நோண்டுன குழிய எப்படிப் பாக்காமப் போவா? சரி, துபாய்ச் சரக்கு, ஊறும்போலன்னு விட்டுட்டேன்.

ஒரு மாசத்துல எரிச்சல் அடங்குச்சு. ரெண்டாவது மாசம் வீக்கம் வடிஞ்சிச்சு. மார்கழி முடியுறப்ப கண்ணாடியப் பாத்தேன். எனக்கு என்னையப் புடிச்சிருந்துச்சுங்க. பல வருசத்துக்கு அப்புறம் அப்படி ஒரு சந்தோசம்.

கல்யாணம் வந்துச்சு. கோயில் வாசல்ல பட்டு வேட்டியோட நின்னேன், மீனம்மா பக்கத்துல. கணேசமூர்த்தி வந்தாரு. கும்புட்டாரு. என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"ஏம்மா, இவருதான் ஒங்க வீட்டுக்காரரா? நல்லது நல்லது. அன்னைக்கு ஒரு பெரியவர் இருந்தாரே, ஒங்க அப்பா, அவரக் காணோமே?"

"அவர ஊருக்கு அனுப்பி வச்சிட்டேங்க," மீனம்மா சொன்னா. "இனிமே வர மாட்டாரு."

எனக்குக் காலு தரையில நிக்கல. படம் புடிக்கிறவன் கூப்புடாமலே நாலு படத்துக்குப் போயி நின்னேன். அந்த நேரம் பாத்து மிஸ்ஸி பிரியந்தி பரிசுப் பொட்டியோட வந்தாங்க.

"அடேங்கப்பா, அண்ணன்! மூஞ்சி எவ்வளவு நல்லா வந்திருச்சு!"

"ஒங்க மருந்து இல்ல மிஸ்ஸி," நான் கெத்தாச் சொன்னேன். "இது வெளிநாட்டுச் சரக்கு."

"என்னா வெளிநாடு? அக்கா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்து என்கிட்டதானே டப்பா வாங்கிட்டுப் போனாங்க. நீங்க ஒரு நாளும் தவறாமப் பூசுறீங்கன்னு பெருமையாச் சொன்னாங்க."

மேளம் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல. மெதுவா மீனம்மா பக்கம் திரும்புனேன்.

"அந்தத் தங்க மூடி?"

"வடிவோட தம்பி துபாய்ல இருந்து கொண்டு வந்த தலைக்கிறீம் போத்தல். காலியாக் கெடந்துச்சு, கழுவி எடுத்தேன்."

"பீடி பட்டா மருந்து சாகும்னது?"

"மருந்து சாகாது. நீங்கதான்."

"சரி. அந்த ரெண்டு கொடம் தண்ணி? அதையும் மிஸ்ஸியா சொன்னாங்க?"

"இல்ல. அது எனக்காகங்க. இடுப்பு வலி."

"நீ வடிவுகிட்ட ரகசியமாத்தானேடி பேசுன! நான் இந்தக் காதால கேட்டேனே!"

மீனம்மா மால சரியா இருக்கான்னு பாக்கிற மாதிரி எங்கிட்ட நெருங்கி வந்தா. கொரலத் தாழ்த்திச் சொன்னா.

"என்னங்க, லயத்துல பொறந்து லயத்துல வளந்தவரு நீங்க. நெசமாவே ரகசியம்னா நாங்க மலைக்குப் போயித்தான் பேசுவோம். சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு எவளாச்சும் ரகசியம் பேசுவாளா? ஒங்கள்ட்ட 'செய்யுங்க'ன்னு நூறு தடவ சொன்னேன், செய்யல. 'அவருக்குத் தெரியக் கூடாது'ன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன்."

என்னா கோவம் வந்துச்சு தெரியுமா! ஆனா பக்கத்துல கேமராக்காரன் நின்னான். அதோட, பொய் சொல்லக் கூடாது, மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு. கோவப்பட்டாக் கோடு விழும்னு சிரிச்சேன். ஆனா அன்னைக்கே ஒரு முடிவு எடுத்துட்டேன். இனிமே அந்தச் சுவத்துப் பக்கம் காதக் கூடக் காட்டுறதில்ல. சோலைமலை ஒரு தடவதான் ஏமாறுவான்.

கல்யாணம் முடிஞ்சு எட்டு நாளு. சாயந்தரம் பலகையில காலை நீட்டிக்கிட்டுக் கெடக்கேன். வெளிய மழை பெஞ்சுகிட்டு இருக்கு. கூரையில இருந்து சட்டியில சொட்டுச் சொட்டுன்னு விழுது. வடிவு காம்பராவுல இருந்து மீனம்மா கொரலு.

"வடிவு, மெதுவாப் பேசு. அவரு காதுல விழுந்துறப் போகுது. கூரை மேல ஏறி ஒழுகுற தகரத்த அடைக்கிற ஆம்பளைக்கு முட்டி வலியே வராதாம்டி."

எனக்கு எல்லாம் தெரியுங்க. இது பொறின்னு தெரியும், சுவரு தெரியும், மீனம்மாவத் தெரியும்.

ஆனா முட்டி ரெண்டு நாளா வலிக்குது. ஒங்க வீட்ல ஏணி இருக்குங்களா?