நரிக்குக் கூலிங்கிளாஸ் போட்டவர்

“…அதான் சொல்றேன், பேனர் கோணலா கீது. கோணல் பேனருக்குக் கீழ நின்னுகினு கேக் வெட்டுனா வர்ற வருசம் பூரா கோணலாத்தான் போவும். அந்தக் கத்திய டேபிளுக்கு அடியில வெச்சிட்டு நிமிந்து நில்லு நைனா. ரெண்டே நிமிசம், மேல ஏறி சரி பண்ணிட்டு வந்துர்றேன்!”

இதைச் சொன்னவர் கூலிங்கிளாஸ் மாமே. இடம், நெமிலிச்சேரியில் எங்கள் தெருமுனை. கேட்டுக்கொண்டிருந்தவன் பிறந்தநாள்காரன் செல்வா. கேக் வெட்டுவதற்காக அவன் கையில் வைத்திருந்தது பட்டாக்கத்தி. சுற்றிலும் அவன் கூட்டாளிகள் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியைப் பார்த்து அல்ல, மாமே சொன்னதைக் கேட்டு. மனிதர் தன் வாழ்நாளில் கட்டிய ஒரு பேனராவது நேராக நின்றதில்லை. கல்யாண பேனர் கட்டினால் மாப்பிள்ளை மேலேயும் பெண் பள்ளத்திலேயும் இருப்பார்கள். கேட்டால், “தலைய சாச்சிப் பாரு, சரியாப்பூடும்” என்பார். அவருக்குக் கோணலைப் பற்றி என்ன திடீர் கவலை?

அவர் ஏணியில் ஏறிக்கொண்டிருக்கட்டும். அதற்குள் அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களுக்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஒன்றாம் வகுப்புப் பாடத்திலே கதை முடிந்து, அம்போவென்று விடப்பட்ட மிருகங்களுக்கெல்லாம் மறுவாழ்வு கொடுத்தவர் இந்த உலகத்திலேயே கூலிங்கிளாஸ் மாமே ஒருவர்தான். தொழில், பிளக்ஸ் பேனர் டிசைன். என் தையல் கடைக்கும் அவர் கடைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அவர் அங்கே தும்மினால் இங்கே ஊசியில் கோத்த நூல் நழுவும். எந்த மிருகத்தை பேனரில் போட்டாலும் அதன் கண்ணில் ஒரு கூலிங்கிளாஸை மாட்டிவிடுவார். பேர் வந்தது அப்படித்தான். சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அவருக்கு ஒரு குறை. குழந்தைக் கதைகளை எழுதியவர்கள் எல்லாரும் பாதியில் எழுந்து போய்விட்டார்கள் என்று. “வடை கீழ உழுந்துச்சி, நரி கவ்விகினு ஓடிச்சின்றான். சரி, மறுநாள் காலைல அதுக்கு இன்னா சாப்பாடு? எவனாச்சும் கேட்டானா?” இப்படி ஆரம்பித்தால் நான் காஜா எடுக்கிற சட்டையைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். காதுக்கு வேலை வந்தால் கைக்கு வேலை ஓடாது எனக்கு.

வெள்ளானூரிலிருந்து ஒருவர் மகளின் காதுகுத்துக்கு பேனர் கேட்டு வந்தார். குழந்தை சிங்கத்தின் மேல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. பேனர் வந்தது. குழந்தை உட்கார்ந்திருந்தது. சிங்கமும் உட்கார்ந்திருந்தது, நாற்காலியில், மூக்கு நுனியில் படிக்கிற கண்ணாடியோடு. கூலிங்கிளாஸைக் கழற்றி நெற்றியில் ஏற்றிவைத்திருந்தது.

“யோவ், இன்னாய்யா இது? சிங்கம் கெழவன் மாரி கீது?”

“நாம சின்ன புள்ளையா இருக்கறச்சயே அது பெரிய சிங்கம் நைனா. இன்னும் அப்டியே இருக்குமா? வயசாவாது?”

வந்தவர் தலையைச் சாய்த்து பேனரைப் பார்த்தார். “அது சரி” என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வானகரத்து ஜிம்காரரிடம் இது நடக்கவில்லை. திறப்புவிழாவுக்கு உறுமுகிற சிங்கம் கேட்டிருந்தார் அவர். மாமே போட்டது, கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிற சிங்கம். கீழே கொட்டை எழுத்தில், ‘வா நண்பா, உள்ளே வா’. பார்த்தவர்கள் எல்லாம் ஜிம்முக்குள் நுழைந்து நீச்சல்குளம் எங்கே என்று கேட்டார்கள். ஜிம்காரர் புஜத்தைத் தட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தார். மாமே அவரை ஸ்டூலில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“அது கோவத்துலதான் கெணத்துல குதிச்சிச்சின்னு ஒனக்கு எவன் சொன்னான்? அந்தக் காட்டுல வேற ஒரு சிங்கம் கீதா? ஒண்டி ஆளு. கெணத்துல எட்டிப் பாக்குது, தன்ன மாரியே ஒருத்தன் நிக்கறான். கட்டிப் புடிக்கத்தான் குதிச்சிகீது, பாவம்.”

ஜிம்காரர் டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். புஜத்தைத் தட்டவில்லை. பிற்பாடு அந்த ஜிம்மில் தனியாக வருகிறவர்களுக்குக் கூடவே ஒரு ஜோடி சேர்த்துவிடுகிறார்கள் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை; எனக்குக் கத்திரிக்கோல் தூக்குவதே போதும்.

மாமேவை ஊருக்கே தெரியவைத்தது ஸ்டேஷன் பக்கத்து டீக்கடை பேனர்தான். கல்லாவில் காக்கா. அடுப்படியில் நரி, லுங்கியை மடித்துக் கட்டி, கூலிங்கிளாஸ் போட்டு, டீயை ஒரு ஆள் உயரத்துக்கு ஆற்றிக்கொண்டு. கீழே, ‘பழசை மறந்தாச்சு. வாங்க, வடை சாப்பிடலாம்.’ ரயிலைத் தவறவிட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள் ஜனங்கள். படம் போனில் பறந்தது. பனியனில் நரி வந்தது, பைக்கில் நரி வந்தது. பையன்கள் ‘நரி அண்ணன் வெறியர்கள்’ என்று ஃபேஸ்புக்கில் ஒரு பக்கமே ஆரம்பித்துவிட்டார்கள். அதை நடத்தியவன்தான் நம் செல்வா. ஒருவன் நரியை புல்லட்டில் ஏற்றினான். ஒரு காலேஜ் பெண், நரிக்கு அக்கா ஒருத்தியை உண்டாக்கி, சுடிதார் போட்டு, கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டி, அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்கு அனுப்பியிருந்தாள். அதைப் பிரிண்ட் போட்டுக் கடைச் சுவரில் ஒட்டினார் மாமே. “டெய்லரே, இந்தப் பொண்ணுக்கு மூளையப் பாரு! எனக்குத் தோணலியே!” என்று தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார்.

எல்லாம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் அந்த ஷேர் ஆட்டோவைப் பார்க்கிறவரைக்கும். பின் கண்ணாடியில் அவருடைய நரி. அதே லுங்கி, அதே கூலிங்கிளாஸ். டீ கிளாஸ் இருந்த கையில் ரத்தம் சொட்டுகிற அரிவாள்.

கிளம்புகிற வண்டியில் தாவி ஏறினார் மாமே.

“இன்னாபா, நரி கையில இன்னாது அது?”

“அரிவா. ஏன், தெர்லியா?”

“எடுத்துரு.”

“அண்ணாத்தே, அது இன்னா ஒன் ஊட்டு நரியா? எறங்குற எடத்தச் சொல்லு.”

இவர் இறங்குகிற இடத்தைச் சொல்லவில்லை; நரியின் குணநலன்களைச் சொன்னார். நடுவில் ஏறிய ஒரு அம்மா, “சார் எல்ஐசியா?” என்று கேட்டாராம். வண்டி பூந்தமல்லி போய்ச் சேர்ந்தது. ஸ்டிக்கர் அப்படியேதான் இருந்தது. தனக்கு ஒரு வேலையும் இல்லாத அந்த ஊரிலிருந்து பஸ் பிடித்துத் திரும்பி வந்து, என் கடை ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

நான் சும்மா இருக்கவில்லை. “சிங்கத்துக்கு நீங்க கண்ணாடி மாட்டினீங்களே மாமே, சிங்கத்தக் கேட்டா மாட்டினீங்க? கதை எல்லாருக்கும் பொது. நீங்க ஒரு மாதிரி மாத்துறீங்க, அவன் ஒரு மாதிரி மாத்துறான்” என்றேன்.

அவர் என் மேஜையில் கிடந்த பொத்தான்களை எடுத்து வரிசையாக அடுக்கினார், கலைத்தார். பிறகு சொன்னார்: “கேக்கலதான். மாத்தட்டும், நான் வாணான்னு சொல்லல. ஆனா நான் அதுங்கள சேர் போட்டு ஒக்கார வெச்சேன் டெய்லரே. இவனுங்க ஜெயிலுக்கு அனுப்பறானுங்க.”

நான் பொத்தான்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டேன்.

அந்த வாரமே செல்வா பேனர் ஆர்டரோடு வந்தான், அரிவாள் நரி வேண்டுமென்று. ஐடிஐ முடித்த பையன். பாக்டரியில் அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். பையன் எப்படிப்பட்டவன் என்று போலீஸ் விசாரிப்பது ஒன்றுதான் பாக்கி, அது முடிந்தால் வேலை. அவன் அம்மா தனம், எஸ்டேட் கம்பெனி ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறவள், இதைத் தெருவில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் பட்டாக்கத்தியால் கேக் வெட்டி, அதை வீடியோவாகவும் போட்டான். வீடியோ போலீஸ் கண்ணில் பட்டது. கேக் சாப்பிட்டவர்கள் உட்பட எல்லாரையும் ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். அன்றிலிருந்து தனத்துக்குத் தூக்கம் போயிற்று. மகன் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது.

“மாமே, நரின்னா ஒரு கெத்து வாணாமா? டீ ஆத்திகினே இருந்தா எப்டி?”

“டேய், புக்குல வர்ற அத்தினி பேர்லயும் எவனையும் அடிக்காம ஜெயிச்சவன் அவன் ஒர்த்தன்தான்டா. ஒரு அடி உண்டா, ஒரு குத்து உண்டா? பாடச் சொன்னான். அவ்ளோதான்.”

“வடைய ஆட்டையப் போட்டான்ல?”

“போட்டான். அதுக்குத்தான் டீக்கடையில வேலைக்கு வெச்சிகீறேன்!”

“நீ போட்டுத் தர்றியா, இல்லியா?”

“அரிவாளு இல்லாம, எத்தினி அடி வோணும்னாலும் போட்டுத் தர்றேன். ஒங்கம்மா மூஞ்ச நெனச்சிப் பாத்தியாடா நீ?”

“பேனர் கேட்டா அம்மா பேச்ச எடுக்கற. போ மாமே!”

செல்வா ஆவடிக்குப் போய் வேறு கடையில் அடித்துக்கொண்டு வந்தான். பிறந்தநாளன்று மதியம் தெருமுனையில், இரண்டு கம்பத்துக்கு நடுவே, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது பேனர். அரிவாளோடு நரி, பக்கத்தில் அதே மாதிரி செல்வா. ஆவடிக்காரன் தொழில் தெரிந்தவன். கயிறு கட்டினது நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

தனம் மாமே கடை வாசலில் வந்து நின்றாள். “அண்ணா, சாயந்தரம் கத்தில வெட்டப் போறான். போன்ல எடுத்துப் போடப் போறானுங்க. எவ்ளோ சொல்லியும் கேக்க மாட்றாண்ணா. இந்த வேலயும் பூட்சின்னா அவன் இந்தப் பசங்க கூடவே சுத்திகினு கெடப்பாண்ணா.”

“அவன் பேனரு, அவன் நரி. நான் இன்னாம்மா பண்றது?” என்றார் மாமே. அவள் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பிரிண்ட் மிஷின் ஓடவில்லை, தும்மல்கூட இல்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு கிளம்பினார். நான் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே பின்னால் ஓடினேன்.

இப்போது மாமே ஏணியின் உச்சிக்கு ஏறியிருப்பார்.

“மாமே, நேராத்தான் கீது! எறங்கு!” என்று கத்தினான் ஒருவன்.

“ஒனக்குத் தெரியாது. தொழில்காரன் கண்ணு வேற!”

வலது முடிச்சை அவிழ்த்தார். ஏணியைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாக அடுத்த கம்பத்துக்குப் போனார். இடது முடிச்சையும் அவிழ்த்தார். சேலை உருவி விழுகிற மாதிரி அவ்வளவு பெரிய பேனரும் சரசரவென்று இறங்கி, கேக், டேபிள், செல்வா, கூட்டாளிகள், தூக்கிப் பிடித்த அத்தனை போன்கள் எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து நான்கு திசையிலும் தலைகள் முட்டின. “எவன்டா என் கால மெறிக்கறது!” என்று ஒரு குரல். “கேக்கு மேல ஒக்காந்துட்டேன்டா!” என்று ஒரு குரல்.

மாமே இறங்கி வந்து, குனிந்து, பேனருக்கு அடியில் நுழைந்தார். வெளியே வரும்போது பட்டாக்கத்தி அவர் கையில் இருந்தது. பேனரின் ஒரு ஓரத்தில் அதை வைத்து, பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டிக்கொண்டே போனார். சுருட்டச் சுருட்டப் பையன்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், கடைசியில் செல்வா வந்தான். தலை, மூக்கு, புருவம் எங்கும் வெள்ளை கிரீம். கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமா அழுகையா என்று அவனுக்கே தெரியவில்லை. தனம் சுவரோரமாக முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

செல்வா மாமேவைத் திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தான். அவர் பேனர் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நசுங்கின கேக்கில் நசுங்காத ஒரு துண்டைத் தேடி எடுத்து, திறந்த அந்த வாயில் ஊட்டினார். பிறகு தன் சட்டை முனையை இழுத்து, கண்ணுக்குள் போய்விடாமல், மெல்ல, மெல்ல, அவன் முகத்தைத் துடைத்துவிட்டார்.