கையுறை போர்முனைக்குப் போன வழி

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்புறம் கையுறை தைக்கும் சிறு பட்டறை வைத்திருந்த மாதேஸ்வரிக்கு, நேச நாட்டுப் படைக்கு உதவும் பெரும்பேறு வாய்த்தது. கடலுக்கு அப்பால் பனிமலையில் சண்டை போட்டுக்கொண்டிருந்த அந்நாட்டு வீரர்களுக்குக் குளிரில் விரல் விறைத்துக் கருகிப் போகிறதாம். கம்பளிக் கையுறை ஐயாயிரம் ஜோடி, பனி இறுகுவதற்குள் வேண்டும் என்று ஆர்டர் வந்தது. கூடவே ஒரு போட்டோ: மூன்று விரல் போன ஒரு கை. அதைப் பார்த்த பிறகு, பேரிகை கிராமத்திலிருந்து தைக்க வரும் கெம்பம்மா உட்பட யாரும் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்கவில்லை. இருபதே நாளில் தைத்துக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அதன் பிறகுதான் அரசாங்கம் உதவிக்கு வந்தது.

ஏற்றுமதி அனுமதி அலுவலர் நாராயணப்பன் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுக்காமல் யாருக்கும் அனுமதி மறுக்க மாட்டார். கையுறையை மாட்டி, சுட்டுவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தார்.

"இந்த ஒரு விரல் மட்டும் ஏம்மா தனியா இருக்குது?"

"துப்பாக்கி சுடணுங்களே சார்."

"அப்ப இது ஆயுதம். டெல்லிக்குப் போகணும். ஒன்றரை வருஷம் ஆகும்."

விரலைச் சேர்த்துத் தைத்துவிட்டால் என்ன என்று மாதேஸ்வரி கேட்டாள். அப்போது அது ஆடை. போர் நடக்கும் இடத்துக்கு ஆடை போனால் சீருடை. சீருடைக்கு வேறு துறை என்றார் அவர். அவள் முகம் வாடியதைக் கண்டு அவரே ஒரு வழியும் சொன்னார். சூடான பாத்திரம் இறக்கும் சமையலறை உறை என்று எழுதினால் மறுநாளே கப்பலேறலாம். அப்படியே எழுதினார்கள். சுட்டுவிரல் தனியாக இருப்பது உப்புப் பார்ப்பதற்கு என்று மேற்படி கோப்பில் குறிக்கப்பட்டது.

ஆனால் சமையலறைப் பொருளைப் பதுங்குகுழிக்கு அனுப்ப விதியில்லை. பாத்திரக்கடை விலாசம் வேண்டும். நேச நாட்டில் கடைகளெல்லாம் குண்டுவீச்சில் போய்விட்டதால், பக்கத்து நாட்டுக் கடை ஒன்றின் விலாசம் கொடுக்கப்பட்டது. பக்கத்து நாடுதான் எதிரி நாடு என்பதைக் கவனிக்கும் பொறுப்பு நாராயணப்பனின் பிரிவுக்கு இல்லை. சரக்கு இறங்கிய அன்றே எதிரிப் படை மொத்தமாக வாங்கி மாட்டிக்கொண்டது.

சேதி கேட்டு மாதேஸ்வரிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போட்டோவில் இருந்த கை கண்ணிலேயே நின்றது.

மூன்றாம் மாதம் நேச நாட்டிலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. எதிரி முகாம் ஒன்றைத் தாக்கிப் பிடித்ததில் வீரர்களுக்குக் கையுறை கிடைத்ததாம், அளவு கச்சிதமாம். நாராயணப்பன் கோப்பை முடித்தார்: 'உதவி உரியவர்களைச் சென்றடைந்தது. பயனாளிகள் நேரில் சென்று பெற்றுக்கொண்டனர்.' அவருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. மாதேஸ்வரிக்குச் சால்வையும், இன்னும் பத்தாயிரம் ஜோடிக்கு ஆர்டரும் கிடைத்தன.

இந்த முறை அவள் யாரிடமும் யோசனை கேட்கப் போகவில்லை.

"யாருக்குக்கா இதெல்லாம்?" என்று பெட்டி கட்டிக்கொண்டே கெம்பம்மா கேட்டாள்.

"நம்மாளுங்களுக்குத்தான்" என்று சொல்லி, மாதேஸ்வரி எதிரி நாட்டு விலாசத்தை அழுத்தி ஒட்டினாள்.