பலா இலை ஊற்றும் நான் சொன்ன சாட்சியும்

செய்யாத குற்றத்துக்காக ஒரு மனிதன் ஊரார் முன் தலைகுனிந்து நின்றான். அந்தக் குற்றத்தைச் செய்தவன் நான். அவனுக்கு எதிராகச் சாட்சி சொன்னவனும் நான்தான். அப்போது எனக்கு வயது அறுபத்தெட்டு. அறியாப் பருவம் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை.

திருப்பத்தூரிலிருந்து புதூர்நாட்டுக்கு ஏறும் சாலையில், ஒரு வளைவில், பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் கசியும். இடுக்கில் ஒரு பலா இலையைச் செருகியிருப்பார்கள். இலை நுனியிலிருந்து தண்ணீர் நூல் போல விழும். காலையில் முதலில் வருபவர் இலையை மாற்ற வேண்டும். பாறையில் கை வைக்கக்கூடாது. கீழேயிருந்து வருபவர்கள் ஒரு கேன் பிடித்தால், அடுத்து மலைக்காரர்களின் ஒரு குடத்துக்கு வழிவிட வேண்டும். எழுதி வைக்காத சட்டம் இவ்வளவுதான்.

என் மனைவி சரோஜாவுக்கு அந்தத் தண்ணீரில் போட்டால்தான் டீ. அதனால் சனிக்கிழமைதோறும் நான்கு கேன்களோடு காரில் போவேன். ஒரு கேன் நிறைய அரை மணி நேரம். நடுவில் குடங்கள் வேறு. மலைப் பெண்கள் அந்த நேரத்தில் ஊர்க்கதை பேசுவார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன்.

"இன்னா சாரு, அத்தயே பாத்துக்கினு கீறீங்க? ரயிலு வருதா?" என்பாள் வெள்ளச்சி. சாலைக்கு மேலே இருக்கும் சின்ன ஊரைச் சேர்ந்தவள். அந்த ஊருக்கே குடிநீர் இந்த ஊற்றுதான்.

ஒரு சனிக்கிழமை ஊற்றடியில் யாருமே இல்லை. எல்லோரும் சாமை அறுக்கப் போயிருந்தார்கள். எனக்குள் இருந்த விஞ்ஞானி விழித்துக்கொண்டான். வாய் பெரிதானால் தண்ணீர் அதிகம் வருமே! (ஊறுகிற அளவுதான் வெளியே வரும். இதை இயற்பியல் ஆசிரியராக முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். ஒரு மாணவன் இப்படி யோசித்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.) காரில் சக்கரம் கழற்றும் கம்பி இருந்தது. இடுக்கில் விட்டு நெம்பினேன். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கல் பெயர்ந்தது. தண்ணீர் குபுகுபுவென்று கொட்டியது. இரண்டு கேன்கள் மளமளவென்று நிறைந்தன. மலைக்கே நன்மை செய்துவிட்ட பெருமிதத்தில் நின்றேன்.

மூன்றாவது கேனில் சேறு வந்தது. பிறகு ஈரம் மட்டும். பிறகு அதுவும் இல்லை. பாறைக்குள் எங்கோ 'களுக்' என்றது. சற்று நேரத்தில் சாலைக்கு அடியில், முட்புதருக்குள், தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் சத்தம் கேட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? காய்ந்த இடுக்கில் பலா இலையைப் பழையபடி செருகிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று பயம். ஊற்றடியில் ஊரே நின்றிருந்தது. நடுவில் வெள்ளச்சியின் கணவன் காளியப்பன். பாறைக்கு மேலே இருக்கும் அவன் நிலத்தில், ஆறு குழி வெட்டிப் பலாக்கன்றுகள் நட்டிருந்தான். அதனால்தான் ஊற்று நின்றது என்று ஊர் சொன்னது.

"ஒரு வாரமா பள்ளத்துல எறங்கி ஓடைத் தண்ணி தூக்கறோம், இடுப்பே போச்சு. நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சாரு. இந்தாளு தோண்டனதாலதான?" என்றாள் வெள்ளச்சி.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேல்பக்கம் தோண்டினால் நீரோட்டம் திசை மாற வாய்ப்பு உண்டு" என்றேன்.

"சாரே சொல்ட்டாரு!" என்றது கூட்டம்.

காளியப்பன் என்னைக் கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. "அப்டியா சாரு? எனக்குத் தெர்லயே" என்றான், மன்னிப்புக் கேட்கும் குரலில். விதை போட்டு ஒரு வருடம் வளர்த்த கன்றுகள். என் கண் முன்னால் ஆறையும் பிடுங்கிவிட்டுக் குழியை மூடினான்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை. சரோஜாவிடம் சொன்னேன். கம்பியால் நெம்பியது வரை சிரித்தாள். காளியப்பன் பெயர் வந்ததும் சிரிப்பு நின்றது.

"காலைல போய் அதே எடத்துல நெசத்தைச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

"நீ எதுக்கு?"

"பாதி வழியில திரும்பிடுவீங்க."

மறுநாள் போனோம். ஊரார் முன்னால் கம்பியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளச்சிதான் முதலில், "நீயா?" என்றாள். "எம் புருசன் சோறே துன்ல. நானும் சேந்துதான அவரத் திட்டனேன்?" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

காளியப்பன் கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மலய நெம்ப இத்தயா சாரு எடுத்தாந்த?" என்றான். யாரோ சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

குழிகளை நானே வெட்டுவேன் என்று மண்வெட்டியைப் பிடித்தேன். ஒன்றரைக் குழிதான் முடிந்தது. "குடு சாரு. நீ இங்க வுழுந்தா அதுக்கும் எம்மேலதான் பழி வரும்" என்று காளியப்பன் பிடுங்கிக்கொண்டான். பிடுங்கியவற்றில் இரண்டை ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தான். மற்ற நான்குக்குப் பதிலாகப் புதுக் கன்றுகளை நான் வாங்கித் தந்தேன். சாலைக்கு அடியில் தண்ணீர் ஓடிய ஓட்டையை எல்லோரும் சேர்ந்து களிமண்ணும் கல்லும் வைத்து அடைத்தோம். ஊற்று திரும்பும் வரை தினமும் கீழேயிருந்து காரில் தண்ணீர் ஏற்றினேன். பதினோராம் நாள் பழைய இடத்துக்கு ஒரு சாண் கீழே பாறை நனைந்தது. ஆனால் வந்தது முன்பு இருந்த நூலில் பாதிதான்.

இப்போதும் போகிறேன். என்னைப் பாறைக்குப் பத்தடி தள்ளித்தான் நிறுத்துகிறார்கள். கேனைப் பிடித்துத் தருவது காளியப்பன். வெளியூர்க்காரர் யாராவது தண்ணீர் பிடிக்க வந்து, பாறையைத் தொட்டுப் பார்த்தால் போதும். "இன்னாத்துக்குத் தொடக்கூடாதுன்னு அவரக் கேளுங்க" என்று என்னிடம் அனுப்பிவிடுவான். நானும் முதலிலிருந்து சொல்வேன். காளியப்பன் ஊற்றடியில் உட்கார்ந்தபடி, "குழிக்காரன் கதயும் சொல்லு சாரு, அத்த வுட்றாத" என்று குரல் கொடுப்பான். அதையும் சொல்வேன். ஒரு கேன் நிறைய இப்போது ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு சனிக்கிழமையில் மூன்று பேருக்காவது சொல்லி முடித்துவிடலாம்.