தரவுச் சித்தரும் கடைவாய்ப் பல்லும்

அத்தை அங்கே யாரிடமும் வாயே திறக்கவில்லை. பிறகு அவருக்கு எப்படித் தெரிந்தது? அதுதான் மருமகளுக்குப் பிடிபடவில்லை.

"அக்குளுக்குப் பக்கத்துல ஒரு கட்டி. வலி இல்ல. வலி இல்லையேன்னுதான் உங்களுக்குப் பயம்" என்று மேடையிலிருந்து தரவுச் சித்தர் சொன்னார். கூட்டம் மூச்சை இழுத்துப் பிடித்தது. அத்தை அழுதே விட்டாள்.

தரைக்கடியில் இருந்த அந்தக் கூடம் முன்பு சோபா விற்ற இடம். இப்போது அங்கே ஞானம் விற்பனை. சித்தருக்குத் தாடி மட்டும் பழைய பாணி. கழுத்தில் மாலைக்குப் பதில் ஹெட்போன். முன்னால் மடிக்கணினி, பின்னால் பச்சை எண்கள் கொட்டும் திரை. அந்த எண்களுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. புரியாவிட்டால்தானே பக்தி வரும்!

"மனுஷன் பொய் சொல்லுவான். இணையம் பொய் சொல்லாது. பெரிய பெரிய ஆராய்ச்சியாளர்களே இணையத்தை வெச்சுத்தான் நோயைக் கண்டுபிடிக்கறாங்க!" என்றார். கைதட்டல்.

மருமகளுக்குச் சுருக்கென்றது. அவள் செய்யும் வேலையே அதுதான். ஒரு வட்டாரத்தில் எத்தனை பேர் திடீரென்று 'காய்ச்சல்' என்று தேடுகிறார்கள் என்று அவளுடைய ஆராய்ச்சிக்கூடம் எண்ணும். தேடியவர் யார் என்று அவளுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. எண்ணிக்கை ஏறினால் அது வெறும் சந்தேகம். மருத்துவமனைப் பரிசோதனையும் அதையே சொன்னால்தான் முடிவு. ஒரு நடிகர் காய்ச்சலில் படுத்தார் என்று செய்தி வந்தால் போதும், ஊரே காய்ச்சலைத் தேடும். ஊருக்கெல்லாமா காய்ச்சல்?

சித்தருக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.

"டாக்டர் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்கணும்னு சொல்லியிருப்பாரே? குத்த விடாதீங்கம்மா. ஊசி பட்டா தரவு கலங்கிடும். எங்ககிட்ட தரவுச் சுத்திகரிப்பு இருக்கு. வந்துட்டே இருங்க, கட்டி கரைஞ்சிடும்."

அடுத்து மருமகளின் டோக்கன். சித்தர் கணினியைப் பார்த்தார். முகம் சுளித்தார். "உங்க தரவு மேகமூட்டமா இருக்கு. நம்பிக்கை இல்லாதவங்களுக்கு அப்படித்தான்."

வீட்டுக்கு வந்ததும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை ஊசி குத்திக்க ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்."

மருமகள் பாத்திரம் தேய்த்தபடி யோசித்தாள். அத்தையின் தரவு மட்டும் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. தனக்கு ஏன் மேகமூட்டம்? அங்கே அத்தை செய்து, தான் செய்யாதது எது?

"அத்தை, அங்க காத்திருந்தப்ப யார்கிட்டயாவது பேசினீங்களா?"

"ஒரு ஈ காக்கா கிட்டகூட இல்ல. போனைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"கீழே சிக்னலே இல்லையே?"

"அவங்களே வைஃபை குடுக்கறாங்க. டோக்கன் நம்பர் போட்டா 'உங்கள் உடல்நலத் தேடல்'னு ஒரு பக்கம் வரும். நீதான் போனைப் பையை விட்டே எடுக்கலையே! நான் அக்குள் கட்டி ஏன் வலிக்கலைன்னு தேடினேன். டாக்டர் ஊசி போடணும்னாரே, அது வலிக்குமான்னும் தேடினேன்."

மருமகளின் கை நின்றது. "அப்போ சொல்லிட்டீங்களே, அத்தை!"

"தேடத்தானே செஞ்சேன்? யார்கிட்டயும் சொல்லலையே! உனக்குப் பொறாமை. ஆயிரம் பேர் தரவைப் பார்க்கறே, ஒருத்தருக்காவது இப்படிப் புட்டுப் புட்டு வெச்சிருக்கியா?"

"வெச்சா என் வேலை போயிடும். சரி, நாளைக்கு மாமாவைக் கூட்டிட்டுப் போவோம். நான் தோத்துட்டா உங்க இஷ்டம். ஜெயிச்சா வெள்ளிக்கிழமை ஊசி."

ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநரான மாமா தலையை மட்டும் ஆட்டினார். அதிகம் பேச மாட்டார்.

மறுநாள் கூடத்தில் மாமாவின் டோக்கன் எண்ணைப் போட்டு, அத்தையின் கண்ணெதிரிலேயே மருமகள் தட்டினாள்: 'கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை, இனிப்பு பட்டால் கூச்சம்.' அத்தை ஏதோ சொல்ல வந்தாள். மாமா வாயில் விரல் வைத்து அடக்கினார்.

மாமா மேடையேறினார். சித்தர் கண்ணை மூடித் திறந்தார்; நடுவில் ஒரு முறை கணினியைப் பார்த்தார்.

"ஐயா, கீழ்க் கடைவாய்ப்பல். சொத்தை வேர் வரைக்கும் போயிடுச்சு. இனிப்பு பட்டா சுர்ருனு மண்டைக்கு ஏறுதா? பிடுங்கச் சொல்லுவாங்க, பிடுங்கிடாதீங்க!"

கைதட்டல் இடித்தது. மாமா நிதானமாக வாயைத் திறந்தார். மேல்வரிசையைக் கழற்றினார். கீழ்வரிசையையும் கழற்றினார். இரண்டையும் மடிக்கணினியின் மேல் வைத்தார்.

"எந்தப் பல்லுன்னு நீங்களே காட்டுங்க, சாமி" என்றார், பொக்கை வாயோடு.

கூடம் அதிர்ந்து சிரித்தது. சித்தருக்கு வியர்த்தது. "இது... இது பழைய தரவு! ஐயா இளவயசுல தேடினது!"

"என் இளவயசுல ஏதுப்பா இன்டர்நெட்டு?"

மருமகள் ஒலிபெருக்கியை வாங்கினாள். "நேத்து நான் எதுவும் தட்டல, என் தரவு மேகமூட்டம். இன்னிக்குப் பல்லே இல்லாதவருக்குப் பல்வலின்னு தட்டினேன், அவருக்குச் சொத்தைப்பல். இங்க யாரெல்லாம் அந்தப் பக்கத்துல தேடினீங்க?"

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. பிறகு, கூட்டம் மொத்தமும் ஒருசேரத் தன் போனைத் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அதற்குள் மேடை காலி. பல்செட்டு மட்டும் மடிக்கணினியின் மேல் இளித்துக்கொண்டிருந்தது.

அத்தை மருமகளின் கையைப் பிடித்தாள். "ஆஸ்பத்திரிக்குப் போன் போடும்மா. வெள்ளிக்கிழமை வர்றோம்னு சொல்லு. நீ என் பக்கத்துலயே இருக்கணும்."

விஷயம் இவ்வளவுதான்: தேடுவதும் சொல்வதுதான், தேடல் பெட்டிக்குப் பின்னால் ஆள் இருக்கிறான். இனி யாராவது உங்கள் மனதில் இருப்பதை அப்படியே சொன்னால் காலில் விழாதீர்கள். முதலில் ஒரு பொய்யைத் தட்டிப் பாருங்கள். அதையும் அவர் ஞானதிருஷ்டியில் கண்டால், எழுந்து நேராக மருத்துவரிடம் போங்கள்.